அப்பா அம்மாவிடமிருந்து சட்டப்படி தனித்து நிற்க: தமிழ்நாட்டுப் பதின்வயதினருக்கு ஒரு வழிகாட்டி

“அக்கா, அப்பா அம்மாகிட்ட இருந்து சட்டப்படி பிரிஞ்சு வரணும். எந்த ஃபார்ம் எழுதணும்?”

நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்ட உதவி மையத்தில் நான் தன்னார்வலராக உட்காருகிறேன். வருடத்துக்கு நாலைந்து முறையாவது இந்தக் கேள்வி வரும். கேட்கிற பிள்ளைக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும். தோளில் பள்ளிப் பை, பார்வை வாசல் பக்கம். வெளிநாட்டுத் தொடர் எதையாவது பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 14 வயதானவர்கூட இப்படி மனுப் போடலாம். பெற்றோர் ஆட்சேபிக்காமல் தனியாக வசிக்கிறேன், என் செலவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று காட்டினால், அவரைப் பெற்றோரின் பொறுப்பிலிருந்து விடுவித்து நீதிமன்றம் உத்தரவு போடலாம்.

இந்தியாவில் அப்படி ஓர் உத்தரவு கிடையாது. அதனால் ஃபார்மும் கிடையாது. 18 வயது முடியும்வரை நீங்கள் சட்டத்தின் கண்ணில் மைனர். முத்திரைத்தாளில் ‘இன்று முதல் நான் சுயமாக வாழ்கிறேன்’ என்று எழுதி நோட்டரி முத்திரை குத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள். மைனர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903-இல், பிரிட்டிஷ் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலின் தீர்ப்பிலேயே முடிந்துபோன விஷயம்.

அதற்காக வழியே இல்லை என்று ஆகிவிடாது. 18-க்கு முன்னால் இருப்பவை வேறு வழிகள், பின்னால் இருப்பவை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் வயதைப் பாருங்கள்

சிரிக்காதீர்கள். உங்கள் உண்மையான பிறந்த தேதியும் சான்றிதழில் உள்ள தேதியும் ஒன்றுதானா? ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காகத் தேதியைச் சில மாதம் முன்னே தள்ளிப்போட்ட வீடுகள் நம் ஊரில் நிறைய. வழக்கு என்று வந்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி முதலில் பார்ப்பது பள்ளிச் சான்றையும் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும். அவை இல்லாதபோதுதான் மாநகராட்சி, நகராட்சி, ஊராட்சி தரும் பிறப்புச் சான்றிதழ். அதுவும் இல்லையென்றால் எலும்புப் பரிசோதனை. ஆதாரில் இருக்கும் தேதியை நம்பி எதையும் செய்யாதீர்கள். ஆதார் வயதுக்கான சான்று ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது.

1875-ஆம் ஆண்டின் வயதுவந்தோர் சட்டப்படி, 18-ஆவது பிறந்தநாள் தொடங்கும்போதே நீங்கள் மேஜர். முந்தின நாள் இரவு 11 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மைனர்; நள்ளிரவு தாண்டிக் கிளம்பினால் மேஜர். ஒரு மணி நேர வித்தியாசத்தில் உங்களோடு வருகிற ஆளின் தலையெழுத்தே மாறும். அதைக் கீழே சொல்கிறேன்.

இன்னொன்று. கல்யாணம் செய்துகொண்டால் மேஜர் ஆகிவிடலாம் என்று சில பெண் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆக முடியாது. மாறாக, 18-க்குள் உங்களுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள் என்றால் அதை ரத்து செய்யக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி, மேஜரான நாளிலிருந்து 2 வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். பெண்ணுக்கு 20 வயது முடிவதற்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 ஆகும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்குப் போனால் அவர்களே வழி சொல்வார்கள்.

18 ஆகவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை

அடி, பாலியல் தொல்லை, கட்டாயக் கல்யாணம், படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்புவது, சோறு போடாமல் பூட்டி வைப்பது. இதில் எது நடந்தாலும் நீங்கள் போக வேண்டிய இடம் குழந்தைகள் நலக்குழு. ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். நீதிமன்ற அதிகாரம் உண்டு, ஆனால் கறுப்பு அங்கி கிடையாது, கூண்டும் கிடையாது. ஒரு மேசை, சில நாற்காலிகள், சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு வரி இருக்கிறது: குழந்தை தானாகவே குழுவின் முன் வந்து நிற்கலாம். போலீஸ் கூட்டிப்போக வேண்டும், டீச்சர் கூட்டிப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யுங்கள். காசு கிடையாது, இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். பெயர் சொல்லப் பயமாக இருந்தால் முதலில் ஊரையும் வயதையும் மட்டும் சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம். யாராவது உங்களைப் பொறுப்பில் எடுத்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும்.

அங்கே என்ன நடக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். குழு உங்கள் பெற்றோரைக் கூப்பிடும். ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை தருவார். அதற்கு 15 நாள். முடிவான உத்தரவுக்கு நான்கு மாதம் வரை ஆகலாம். முடிந்தால் வீட்டுக்கே திருப்பி அனுப்பத்தான் குழு முதலில் பார்க்கும், சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. அது சரிவராது என்று தெரிந்தால் தாத்தா பாட்டி, சித்தி போன்ற தகுந்த உறவினரிடமோ, குழந்தைகள் இல்லத்திலோ, வளர்ப்புக் குடும்பத்திலோ விடும். உங்கள் விருப்பத்தைக் கேட்டாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே வாயைத் திறந்து சொல்லுங்கள். “வீடு பிடிக்கலை” என்று சொன்னால் வீட்டுக்குத்தான் போவீர்கள். “போன செவ்வாய்க்கிழமை ராத்திரி அப்பா பெல்ட்டால அடிச்சார், இங்க தழும்பு இருக்கு, பக்கத்து வீட்டு அக்கா பார்த்தாங்க” என்றால் அறிக்கை எழுதுகிறவரின் பேனா ஓடும். தேதி, இடம், பார்த்தவர் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போட்டோ இருந்தால் இன்னும் நல்லது, நண்பர் ஒருவரிடம் பிரதி இருக்கட்டும்.

இல்லத்தில் இருந்து 18 முடித்து வெளியே வருபவர்களுக்குப் பிற்காப்பு (ஆஃப்டர் கேர்) என்று ஒன்று உண்டு. பொதுவாக 21 வயது வரை தங்கவும் படிக்கவும் உதவி கிடைக்கும். இல்லத்தை விட்டுக் கிளம்புகிற நாளில் போய் நின்றுகொண்டு கேட்காமல், ஆறு மாதம் முன்பே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுதிக் கொடுங்கள்.

வக்கீலுக்குக் காசில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அப்பா லட்சாதிபதியாக இருந்தாலும் உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

பாட்டியோ மாமாவோ பொறுப்பெடுக்கத் தயார் என்றால்

1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ், உங்களை வளர்க்கத் தயாராக இருக்கும் உறவினர் நீங்கள் வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். தெளிவாக யோசிக்கும் வயது வந்த பிள்ளை என்றால் அதன் விருப்பத்தையும் நீதிபதி கருதலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்து, அவர் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாவிட்டால் இந்த மனு நிற்பது கஷ்டம்.

என் கருத்தைக் கேட்டால், 13, 14 வயதில் இது நல்ல வழி. பதினேழரை வயதில் வேண்டாம். நோட்டீஸ் போய், எதிர்மனு வந்து, நாலு வாய்தா தள்ளிப்போவதற்குள் உங்களுக்கு 18 முடிந்துவிடும்.

யாரோடு போகிறீர்கள் என்பதில் கவனம்

கோபத்தில் கிளம்புகிற பிள்ளை பெரும்பாலும் தனியாகக் கிளம்பாது. நண்பனின் அண்ணன், காதலன், கூட வேலை பார்க்கும் அக்கா என்று யாராவது ஒரு மேஜர் பைக்கோடு வந்து நிற்பார். அவர் நல்லவராகவே இருக்கட்டும். 18 வயது ஆகாத உங்களைப் பெற்றோர் சம்மதமில்லாமல் கூட்டிப்போனால் அவர்மீது ஆள்கடத்தல் வழக்கு வரலாம். உங்களுக்குச் சம்மதம் என்பது அங்கே எடுபடாது. காதலன் என்றால் கூடவே போக்சோவும் வரும். அதிலும் 18-க்குள் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் பேர்போன ஒரு வழக்கு நம்ம சென்னையில் நடந்ததுதான். வரதராஜன் எதிர் சென்னை மாநிலம் என்று சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிப்பார்கள். 18-ஐ நெருங்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவி தானாகவே வீட்டை விட்டுக் கிளம்பி, வரதராஜனைப் போனில் வரச்சொல்லி, அவரோடு போய்த் திருமண ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்துகொண்டார். கீழ்நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் வரதராஜனுக்குத் தண்டனை கொடுத்தன. 1964-இல்தான் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது: விவரம் தெரிந்த பெண் தானாக வந்து சேர்ந்ததும், ஒருவர் ஆசைகாட்டி அழைத்துப்போவதும் ஒன்றல்ல என்றது. அந்தத் தீர்ப்பைத் தைரியமாக மேற்கோள் காட்டுபவர்கள், அது வருவதற்குள் அந்த மனிதர் எத்தனை நீதிமன்றப் படி ஏறினார் என்பதைச் சொல்வதில்லை.

18 ஆகவில்லை என்றால் போக வேண்டிய இடத்துக்கு நீங்களே போங்கள், அல்லது 1098-ஐ வரச்சொல்லுங்கள். அவ்வளவுதான்.

வீடு பரவாயில்லை, ஆனால் சொந்தக் காலில் நிற்க வேண்டும்

பெரும்பாலான பிள்ளைகளின் நிலை இதுதான். அடி உதை இல்லை. மூச்சு முட்டுகிறது, அவ்வளவே. உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் காலண்டர். 18 ஆவதற்கு மீதமிருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள்.

வங்கிக் கணக்கில் தொடங்குங்கள். 10 வயது முடிந்த மைனர் தானே சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே இயக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. 2025-இல் அதற்குப் புதிய அறிவுறுத்தலும் வந்தது. எவ்வளவு வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். கவுன்டரில் இருப்பவர் “அப்பாவைக் கூட்டிட்டு வா” என்றால் மேலாளரிடம் போய் மைனர் தானே இயக்கும் கணக்கு என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். அந்தப் பணம் உங்கள் கணக்குக்குத்தான் வருகிறது. ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வேலைக்குப் போவதென்றால் 14 முடிந்திருக்க வேண்டும். 14-லிருந்து 18 வரை ஆபத்தான தொழில்களில் சேர்க்கக்கூடாது. மற்ற இடங்களில் ஓய்வு நேரத்தையும் சேர்த்து நாளைக்கு 6 மணி நேரம்தான், மாலை 7 மணிக்கு மேல் காலை 8 மணிக்குள் வேலை வாங்கக்கூடாது, ஓவர்டைம் கிடையாது. ஜவுளிக்கடையில் தீபாவளி சீசனுக்கு இரவு பத்து வரை நிற்கவைக்கிறார்கள் என்றால் அது சட்டவிரோதம்.

அப்புறம் சான்றிதழ்கள். வீட்டில் பேச்சுவார்த்தை நல்லபடியாக இருக்கும்போதே இ-சேவை மையத்தில் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். இவற்றுக்குப் பெற்றோரின் ஆவணங்களும் விவரங்களும் தேவைப்படும். சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தபின் கிராம நிர்வாக அலுவலர் முன்னால் நின்று “எங்கப்பா ஆதார் என்கிட்ட இல்லை” என்று சொல்வது ரொம்பச் சங்கடம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களை டிஜிலாக்கரில் இறக்கி வையுங்கள். அசல் பீரோவில் பூட்டியிருந்தாலும் பல இடங்களில் அது போதும்.

18 முடிந்த வாரம்: சிம் கார்டில் தொடங்குங்கள்

ஒரு பெண்ணின் கதையைச் சொன்னால் ஏன் சிம் முதலில் என்று புரியும். பிறந்தநாள் முடிந்த நாலாம் நாள் எங்கள் மையத்துக்கு வந்தாள். வேறு ஊரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது, வீட்டில் விடவில்லை. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் எல்லாச் சான்றிதழும் வரிசையாக இருந்தன, கெட்டிக்காரி. டிஜிலாக்கரைத் திறந்து காட்டுகிறேன் என்று ஆதார் எண்ணைத் தட்டினாள். ஓடிபி வரவில்லை. அரை நிமிடத்தில் அவள் போன் அடித்தது. “எதுக்குடி ஓடிபி வருது? எங்க இருக்க?” அப்பா. ஆதாரோடு இணைந்திருந்தது அவர் எண். அன்றைக்கு அவள் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை.

18 வயதுக்குக் கீழே சிம் தரக்கூடாது என்பது விதி. அதனால் இதுவரை நீங்கள் வைத்திருக்கும் எண் சட்டப்படி அப்பாவுடையதோ அம்மாவுடையதோதான். அவர் நினைத்தால் நாளைக்கே அதை நிறுத்தலாம், மாற்று சிம் வாங்கி உங்கள் ஓடிபி எல்லாவற்றையும் எடுக்கலாம். ஆகவே 18 முடிந்ததும் உங்கள் பெயரில் ஒரு சிம் வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். இதற்கு எந்த ஆவணமும் கேட்கமாட்டார்கள். கைரேகை வைத்தால் போதும், சிறு கட்டணம் உண்டு. புது எண் ஏறிவிட்டதா என்று சரிபார்த்த பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள்.

அடுத்தது வங்கி. மைனர் கணக்கு உங்களோடு தானாக மேஜர் ஆகிவிடாது. புது அடையாளச் சான்று, புது மாதிரிக் கையெழுத்து கொடுக்க வேண்டும். அதோடு காப்பாளராக இருந்தவர் அந்தக் கணக்கை இயக்க முடியாது. கூடவே எஸ்எம்எஸ் எண்ணையும் மாற்றுங்கள், பழைய ஏடிஎம் கார்டை முடக்கிப் புதிது வாங்குங்கள். அந்தக் கணக்கில் வீட்டோடு சிக்கல் இருக்கிறது என்றால் வேறு வங்கியில் புதுக் கணக்கு தொடங்குவதே மேல், அதில் ஒரு தலைவலியும் இல்லை.

பான் கார்டு மைனராக இருந்தபோது எடுத்ததென்றால் அதில் உங்கள் படமும் கையெழுத்தும் இருக்காது, திருத்தத்துக்கு விண்ணப்பியுங்கள். இதுவரை எடுக்கவே இல்லையென்றால் ஆதாரை வைத்து வருமான வரித்துறை இணையதளத்தில் உடனடி இ-பான் இலவசமாகக் கிடைக்கும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6. இப்போது வருடத்துக்கு நான்கு தகுதி நாட்கள்: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 முடிந்தவுடனேயே முன்கூட்டி விண்ணப்பித்து வைக்கலாம்.

ரேஷன் கார்டைப் பற்றி எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பெயர் நீக்கப் போனால் ஓடிபி குடும்பத் தலைவரின் எண்ணுக்குத்தான் போகும். அப்புறம் வட்ட வழங்கல் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். தனி அடுப்பு, தனி முகவரி என்று வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

தங்க இடம்? கல்லூரி மாணவர் என்றால் அரசின் சமூகநீதி விடுதிகளைப் பாருங்கள். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்கு இப்போது அந்தப் பெயர்தான். வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதிகள் இருக்கின்றன. தனியார் மகளிர் விடுதி என்றால் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும் என்பது 2014-ஆம் ஆண்டின் சட்டம். வாசலிலேயே உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

“காணவில்லை” என்று புகார் கொடுத்தால்

கொடுப்பார்கள். 19 வயதுப் பிள்ளை கிளம்பினாலும் பெற்றோர் காவல் நிலையத்துக்குப் போய் ‘பெண் காணவில்லை’, ‘பையன் காணவில்லை’ என்று எழுதிக் கொடுப்பார்கள், போலீசும் வழக்குப் பதியும். இதற்குப் பயந்து போனை அணைத்து ஒளிந்தால் விஷயம் முற்றும். முந்திக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பே ஒரு கடிதம் எழுதுங்கள்: என் பெயர், பிறந்த தேதி, நான் மேஜர், என் சொந்த விருப்பத்தில் படிப்புக்காகவோ வேலைக்காகவோ போகிறேன், யாரும் என்னைக் கடத்தவில்லை. வயதுச் சான்றின் நகலைச் சேர்த்து, வீட்டுப் பகுதி காவல் நிலையத்துக்கும் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கும் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள் (பதிவுத் தபால் 2025-இல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது). ரசீதைப் பத்திரமாக வையுங்கள். தங்கப்போகும் முகவரியைச் சொல்லப் பயம் என்றால் கடிதத்தில் போட வேண்டாம். தொடர்புக்கு உங்கள் வக்கீலின் முகவரி போதும். நேரில் கூப்பிட்டால் அவரோடு போங்கள், வாக்குமூலம் கொடுங்கள், அதோடு முடியும்.

சில பெற்றோர் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போடுவார்கள். பெயரைக் கேட்டாலே நடுங்க வேண்டாம். போலீஸ் உங்களை நீதிபதிகள் முன் நிறுத்துவார்கள். அவர்கள் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்வி: வயது என்ன, எங்கே போக விரும்புகிறாய்? நீங்கள் மேஜர், யாரும் அடைத்து வைக்கவில்லை என்று தெரிந்தால் உங்கள் விருப்பப்படி போகலாம் என்று உத்தரவாகும். மேஜரான பிள்ளை விஷயத்தில் நீதிமன்றம் தானே ஒரு பெரிய காப்பாளர் ஆகிவிடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. அம்மா வராந்தாவில் அழுதுகொண்டிருப்பார். அதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

தன்பால் ஈர்ப்பாளர்களாக இருந்து அதனால் வீட்டை விட்டு வந்தவர்களுக்கு இன்னொரு பாதுகாப்பும் இருக்கிறது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்படிப்பட்ட ‘காணவில்லை’ புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் மேஜர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கித் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். எஸ். சுஷ்மா வழக்கு என்று சொன்னால் வக்கீலுக்குத் தெரியும்.

சொத்தும் கையெழுத்தும்

‘இன்று முதல் என் மகனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று போட்டோவோடு பேப்பரில் விளம்பரம் வரும், பார்த்திருப்பீர்கள். அதனால் அப்பா மகன் உறவு சட்டப்படி அறுவதில்லை. இந்துக் குடும்பத்தில், பூர்வீகச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் உள்ள பங்கு அப்படியேதான் இருக்கும். அப்பா தானே சம்பாதித்த சொத்து வேறு. அதை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், விளம்பரம் போட்டாலும் போடாவிட்டாலும்.

நீங்களும் அவர்களை அறுத்துவிட முடியாது. வயதான பெற்றோர் தங்களைக் காப்பாற்ற முடியாத நிலையில் கோட்டாட்சியரிடம் மனுப் போட்டால், 2007-ஆம் ஆண்டின் சட்டப்படி மாதம் 10,000 ரூபாய் வரை நீங்கள் தர வேண்டிவரலாம். செலவுக்குப் பெற்றோரிடம் கேட்கும் உரிமையும் ஒருபக்கம் இருக்கிறது: மைனர் பிள்ளைகளுக்கு உண்டு. இந்துக் குடும்பத்தில் கல்யாணமாகாத, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத மகளுக்கு 18-க்குப் பின்னும் உண்டு. 2020-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மேஜரான மகனுக்கு, படித்துக்கொண்டிருந்தாலும், அந்த இந்து ஜீவனாம்சச் சட்டத்தில் வழியில்லை. தம்பிகளுக்கு இது அநியாயமாகத் தெரியலாம். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது.

கையெழுத்து விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 18 முடிந்த கையோடு சில வீடுகளில் பாசமாகக் கூப்பிட்டுச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப்போவார்கள். “ஒரு கையெழுத்துதான்மா, உன் அண்ணன் வீடு கட்டணும்.” பெரும்பாலும் அது விடுதலைப் பத்திரம், அந்தச் சொத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். ஒரு முறை பதிவானால் திருப்புவது லேசில்லை. “படிச்சுப் பார்த்துட்டு நாளைக்குப் போடுறேன்” என்று சொல்லி நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள். எங்களிடம் காட்டினால் காசில்லாமல் படித்துச் சொல்வோம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. தாத்தா உங்கள் பெயரில் எழுதிவைத்த இடத்தை, நீங்கள் மைனராக இருந்தபோது அப்பா விற்றிருக்கலாம். இந்துக் குடும்பமாக இருந்து நீதிமன்ற அனுமதி வாங்காமல் விற்றிருந்தால், அந்த விற்பனையை ரத்து செய்யக் கோரி நீங்கள் வழக்குப் போடலாம். கெடு, மேஜரானதிலிருந்து 3 வருடம். 21-ஐத் தாண்டினால் போச்சு. அப்படி விற்பனை நடந்திருக்கிறதா என்று அறிய, அந்த இடத்தின் பத்திரப் பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். சர்வே எண் தெரிந்தால் பத்து நிமிட வேலை.

அந்த நர்சிங் பெண் விஷயத்துக்கு வருகிறேன். அன்று போனை அணைக்கச் சொல்லி, பக்கத்துக் கடையில் அவள் பெயரிலேயே ஒரு சிம் வாங்கவைத்தேன். மறுநாள் ஆதார் மையத்தில் டோக்கன் போட்டு எண்ணை மாற்றினாள், அதற்கடுத்த நாள் வங்கி, கடைசியில் காவல் நிலையத்துக்குப் பதிவுத் தபால். இரண்டு வருடம் கழித்துத் திரும்ப வந்தாள். இப்போது கேள்வி வேறு: இனிஷியலை அம்மா பெயருக்கு மாற்ற அரசிதழில் எப்படி விண்ணப்பிப்பது? எழுதுபொருள் அச்சுத் துறைக்கான படிவத்தை எடுத்துக் கொடுத்தேன். மைனருக்குப் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போடும் இடத்தைத் தாண்டி, விண்ணப்பதாரர் என்று இருந்த இடத்தில் அவளே போட்டாள். கூட வந்திருந்த அம்மா நகலெடுக்க வெளியே போயிருந்தார்.